டிஃபென்டர் வேலை, உள்ளூரிலும் வெளிநாட்டிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாவட்ட கால்பந்து லீக் மைதானத்திலும் செலக்‌ஷன் வாசலிலும் வீரர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறோம். 'விதி' என்று வரும் இடங்களில், வீரர்களின் பதிவு, மாற்றம் பற்றிய ஃபிஃபா விதிகளைச் சொல்கிறோம்.

டிஃபென்டர்னா ஸ்டாப்பர் மட்டும்தானா? எந்த இடத்துக்கு கிராக்கி அதிகம்?

எதிரணி கோல் போடாமல் தடுக்கும் பின்வரிசை ஆட்டக்காரர் எல்லோரும் டிஃபென்டர்தான். நம் ஊரில் ஸ்டாப்பர் என்பது சென்டர் பேக், அதாவது நடுவில் நிற்பவர். நான்கு பேர் வரிசையில் நடுவில் இரண்டு ஸ்டாப்பர், ஓரத்துக்கு ஒருவராக இரண்டு ஃபுல் பேக். மூன்று பேர் வரிசை என்றால் மூவருமே ஸ்டாப்பர். ஓரத்தில் மேலும் கீழும் ஓடுபவர் விங் பேக்.

ஐ.எஸ்.எல்.லில் (இந்தியன் சூப்பர் லீக்) ஒரே நேரத்தில் 4 வெளிநாட்டவர்தான் களத்தில் இருக்கலாம். அதில் ஓர் இடத்தைப் பெரும்பாலான கிளப்கள் ஸ்டாப்பருக்குக் கொடுத்துவிடுகின்றன. மிஞ்சுவது ஓர் இந்திய ஸ்டாப்பர் இடம், சில அணிகளில் இரண்டு. ஃபுல் பேக் இடங்களோ ஏறக்குறைய எல்லாமே இந்தியர்களுக்கு. வேலை கிடைக்க வேண்டும் என்று மட்டும் பார்த்தால் ஓரம்தான் சுலபம். இடது காலில் ஆடுபவருக்கு எல்லா இடத்திலும் கிராக்கி உண்டு. வலது காலாட்டக்காரர் இடப்பக்க ஸ்டாப்பராக நின்றால், ஓரத்துக்குப் பந்து போட உடம்பைத் திருப்பியாக வேண்டும். அந்த அரை நொடியில் எதிரணி ஃபார்வர்ட் (கோல் போடும் முன்வரிசைக்காரர்) மேலே விழுந்துவிடுவார்.

உயரம் 5 அடி 8 தான். ஸ்டாப்பர் ஆசையை விட்டுடணுமா?

2006 உலகக் கோப்பையை வென்ற இத்தாலி அணியின் கேப்டன் ஃபாபியோ கன்னவாரோ 1.76 மீட்டர். அந்த ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலன் டி'ஓர் விருதும் அவருக்கே. அதாவது உங்களைவிட ஓர் அங்குலம்தான் அதிகம். ஆனால் இந்திய கிளப் 6 அடிக்காரரைத்தான் முதலில் கூப்பிடும். இதை மறைப்பதில் பயனில்லை. ஸ்டாப்பராகவே ஆடுங்கள், கூடவே ஃபுல் பேக்கும் ஆடத் தெரிந்திருக்கட்டும். உயரம் குறைந்தவர் நின்ற இடத்திலிருந்து எம்பினால் தோற்பார். ஒரு எட்டு பின்னால் நின்று, ஓடி வந்து ஒற்றைக் காலில் எம்புவதைப் பழகுங்கள்.

எனக்கு 19 ஆயிடுச்சு. லேட்டா?

டிஃபென்டருக்கு லேட் இல்லை. ஃபார்வர்டை 18 வயதில் துணிந்து இறக்குவார்கள், ஏனென்றால் அவர் தவறினால் ஒரு வாய்ப்புதான் போகும். ஸ்டாப்பர் தவறினால் கோல். அதனால் 21, 22 வயதில்தான் பலருக்குக் கதவு திறக்கிறது. ஸ்டாப்பர் சந்தேஷ் ஜிங்கன் சண்டிகரில் 1993-ல் பிறந்தவர். யுனைடெட் சிக்கிம் அணியில் ஐ-லீக் இரண்டாம் பிரிவில் தொடங்கி, 2014-ல் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு வந்தபோது வயது 21. அந்த சீசனின் வளரும் வீரர் விருது கிடைத்தது. 2015 மார்ச்சில் இந்திய அணிக்கு ஆடிவிட்டார்.

19-ல் தேவை ஒன்றுதான்: ஏதாவது ஒரு லீக்கில் வாரா வாரம் 90 நிமிடம். பெரிய கிளப்பின் ரிசர்வ் பெஞ்சைவிட, சென்னை சீனியர் டிவிஷனில் முழு சீசன் ஆடியது மேல். இன்னொன்று, உங்கள் பதிவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எந்த வயதில் எந்த கிளப்புக்கு ஆடினீர்கள் என்பது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆன்லைன் பதிவில் இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே பிறந்த தேதி, ஒரே பெயர் எழுத்து. இனிஷியலை விரித்து எழுதியது ஒன்றில் மட்டும் வேறாக இருந்து, விசா சமயத்தில் மாட்டிக்கொள்பவர்கள் நம் பக்கத்தில் நிறைய.

வீடியோ அனுப்பினா பார்ப்பாங்களா?

பார்ப்பார்கள், முதல் அரை நிமிடம். பிடித்தால்தான் மீதி. மொத்தம் 4, 5 நிமிடம் போதும். பின்னணியில் பாட்டு வேண்டாம். ஒவ்வொரு துண்டும் தொடங்கும்போது உங்கள் மேல் ஒரு வட்டம் போடுங்கள். பந்து உங்களிடம் வருவதற்கு 5 நொடி முன்பிருந்தே காட்டுங்கள். டிஃபென்டரைத் தேடுபவர் பார்ப்பது அந்த 5 நொடியைத்தான்: தோள் திருப்பிப் பின்னால் பார்க்கிறாரா, உடம்பு பக்கவாட்டில் திறந்திருக்கிறதா, கூட்டாளி முன்னே போனால் இவர் பின்னே இறங்குகிறாரா.

பெரும்பாலான வீடியோக்களில் சறுக்கித் தட்டிய டேக்கிள்கள்தான் வரிசையாக இருக்கும். அனுபவமுள்ளவர் அதைப் பார்த்ததும் 'இவர் ஏன் எப்போதும் தாமதமாகவே வருகிறார்' என்றுதான் நினைப்பார். தலையால் வென்ற பந்து, ஒற்றைக்கு ஒற்றை நின்றது, முதுகுக்குப் பின்னால் விழுந்த பந்தை ஓடி மூடியது, அழுத்தத்தில் முன்னோக்கிப் போட்ட பாஸ் ஆகியவை இருக்கட்டும். கூடவே இரண்டு முழு மேட்ச்களின் இணைப்பு. அதில் ஒன்று நீங்கள் தோற்ற மேட்சாக இருந்தாலும் பரவாயில்லை.

கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

முதலில் காலம். விதிப்படி குறைந்தது சீசன் முடியும் வரை, அதிகபட்சம் 5 ஆண்டு. 18-க்குக் கீழ் என்றால் 3 ஆண்டுக்கு மேல் செல்லாது. அடுத்து சம்பளம் வரிக்கு முந்தையதா, கையில் வருவதா; எந்த நாணயத்தில்; ஆண்டுக்கு 12 மாதமா, சீசன் நடக்கும் மாதங்கள் மட்டுமா. இந்தக் கடைசி வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, கோடையில் வருமானமே இல்லாமல் இருப்பவர்கள் உண்டு.

பிறகு காயம். அறுவை சிகிச்சைக்கும் மறுவாழ்வுப் பயிற்சிக்கும் யார் பணம், ஒப்பந்தம் முடிந்த பிறகும் சிகிச்சை தொடருமா? விடுவிப்புத் தொகை (ஒப்பந்தம் முடியும் முன் நீங்கள் வெளியேறக் கட்ட வேண்டியது) எவ்வளவு? 'கிளப் விரும்பினால் ஓராண்டு நீட்டிக்கலாம்' என்று இருந்தால், அதே உரிமை உங்களுக்கும் உண்டா? பேசியதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்திட்ட பிரதி ஒன்று அன்றே உங்கள் கைக்கு வர வேண்டும். 'அப்புறம் அனுப்புறோம்' என்றால் கையெழுத்தும் அப்புறம்தான்.

ஏஜெண்ட் இல்லாம முடியாதா? ஒருத்தர் 2 லட்சம் கட்டச் சொல்றார்.

ஏஜெண்ட் கட்டாயம் இல்லை. வைத்துக்கொண்டால் ஃபிஃபா தேர்வு எழுதி உரிமம் வாங்கியவராக இருக்க வேண்டும். பெயர் ஃபிஃபாவின் இணையப் பட்டியலில் இருக்கும், தேடிப் பார்க்க 2 நிமிடம் ஆகாது. அவரோடு போடும் ஒப்பந்தம் 2 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. அவர் பணம் சம்பாதிப்பது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலிருந்து வரும் கமிஷனில். முன்கூட்டியே 'ட்ரயல் கட்டணம்', 'கிளப் டெபாசிட்' கேட்பவர் ஆட்டக்காரரை விற்பவர் இல்லை, டிக்கெட் விற்பவர். கிளப்பின் அதிகாரபூர்வ முகவரியிலிருந்து அழைப்புக் கடிதம் வரட்டும்; அந்த கிளப்புக்கு நீங்களே எழுதி உறுதி செய்யுங்கள்.

பையனுக்கு 16. ஸ்பெயின் அகாடமியில சேர்த்தா அங்கேயே கிளப்ல ஆட வச்சிடுவோம்னு சொல்றாங்க. நம்பலாமா?

விதி நேரடியானது: 18 வயது நிறையாதவரை வேறு நாட்டு கிளப்பில் பதிய முடியாது. விலக்குகள் சில உண்டு. பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபோனால் பதியலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 முதல் 18 வரை மாறலாம். எல்லையோரம் வசிப்பவர்களுக்கு 50 கிலோமீட்டர் கணக்கு ஒன்று உண்டு. மதுரையிலோ திருச்சியிலோ இருக்கும் பையனுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. பையனுக்காக அப்பா அங்கே ஒரு வேலை வாங்கிக்கொண்டு போவதையும் ஃபிஃபா ஏற்பதில்லை; பார்சிலோனா கிளப்பே சிறுவர் பதிவு விதியை மீறியதற்காக 2015-ல் இரண்டு பதிவுக் காலம் புது வீரர்களைப் பதிய முடியாமல் இருந்தது. பணம் கட்டிப் பயிற்சி எடுத்துத் திரும்புவது வேறு விஷயம். அதற்குப் பெயர் பயிற்சி; கிளப் வாழ்க்கை இல்லை.

18 தாண்டியாச்சு, வெளிநாட்டு கிளப் ஓகே சொல்லிடுச்சு. அடுத்து என்னென்ன நடக்கும்?

இங்கே ஒப்பந்தம் இருந்தால் இரு கிளப்பும் தொகை பேசி முடிக்க வேண்டும். ஒப்பந்தம் முடிய 6 மாதத்துக்குள் இருந்தால், நீங்களே புது கிளப்போடு கையெழுத்திடலாம். பிறகு மருத்துவப் பரிசோதனை, ஒப்பந்தம். பிறகு புது கிளப் ஃபிஃபாவின் மாற்ற மென்பொருளில் விவரங்களை ஏற்றும். அந்த நாட்டுச் சங்கம் இந்தியக் கூட்டமைப்பிடம் உங்கள் சர்வதேச மாற்றச் சான்றிதழைக் கேட்கும். அது வந்து, வேலை விசாவும் வந்தால்தான் களமிறங்க முடியும்.

இங்கே ஒரு நுணுக்கம். 'மருத்துவத்தில் தேறினால்தான் செல்லும்', 'விசா கிடைத்தால்தான் செல்லும்' என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை வைக்க விதி அனுமதிக்கவில்லை. ஆகவே எந்த கிளப்பும் பரிசோதனையை முதலில் முடிக்கும். நீங்கள் பழைய வேலையை விடுவதும் கையெழுத்துக்குப் பிறகே இருக்கட்டும். தேதியையும் கவனியுங்கள். பதிவுக் காலம் ஆண்டுக்கு இரண்டு முறைதான் திறக்கும். அது மூடும் முன்பே ஒப்பந்தம் முடிந்து சும்மா இருப்பவரை மட்டும் பிறகும் பதிய வழி உண்டு. ஒரு சீசனில் 3 கிளப்பில் பதியலாம், பொதுவாக 2 கிளப்புக்குத்தான் ஆடலாம்.

இங்கிலாந்துல ஏன் ஒரு இந்தியரும் இல்ல?

திறமைக்கு முன்னால் வேலை அனுமதி நிற்கிறது. 2009-ல் இந்திய ஃபார்வர்ட் சுனில் சேத்ரி குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸோடு ஒப்பந்தம் வரை போனார்; ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70-க்குள் இல்லை என்பதால் அனுமதி மறுக்கப்பட்டது. வேலை அனுமதிக்கான இன்றைய புள்ளி முறையிலும் நாட்டின் தரவரிசைக்கும் ஆடிய லீக்கின் தரத்துக்கும்தான் புள்ளி. இந்தியாவிலிருந்து நேராகப் போவது நடக்காத காரியம். நடக்கக்கூடியவை ஸ்காண்டிநேவியா, கிழக்கு ஐரோப்பாவின் நடுத்தர கிளப்கள், ஆசிய வீரருக்குத் தனி இடம் ஒதுக்கும் ஆசிய லீக்குகள். கோல்கீப்பர் குர்ப்ரீத் சிங் சந்து நார்வேயின் ஸ்தாபெக்கில் 2014 முதல் 2017 வரை இருந்து, 2016-ல் யூரோப்பா லீக் தகுதிச் சுற்றிலும் ஆடியது இந்த வகை.

ஜிங்கன் குரோஷியா போய் ஒரு லீக் மேட்ச் கூட ஆடாம வந்துட்டாரே. அப்போ போறதே வேஸ்ட்தானே?

நடந்தது இது. 2021 ஆகஸ்டில் குரோஷியாவின் முதல் பிரிவு கிளப் ஷிபெனிக்கில் சேர்ந்தார். அப்போது இந்திய அணியின் முதல் தேர்வு ஸ்டாப்பர், வயது 28, உச்ச நிலை. போன சில நாளிலேயே பயிற்சியில் காயம். 2022 ஜனவரியில் மீண்டும் கொல்கத்தாவின் ஏ.டி.கே. மோகன் பகானுக்கு வந்துவிட்டார்.

இதில் எல்லா டிஃபென்டருக்கும் பொருந்துவது நாட்காட்டி. ஐ.எஸ்.எல். வழக்கமாக இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தத்தில் முடிந்துவிடும். அந்த ஆண்டு மார்ச்சில் முடிந்தது. குரோஷிய லீக் ஜூலையில் தொடங்குகிறது. ஆகஸ்டில் போகும் இந்தியர், கூட்டாளிகள் ஐந்தாறு வாரம் முன்பயிற்சி முடித்து மேட்ச் ஆடிக்கொண்டிருக்கும்போது, கிளப் மேட்சே இல்லாத கோடையைக் கடந்து போய் நிற்பார். முதல் வாரமே இடம் பிடிக்க வேண்டும் என்று முழு வேகம் போட்டால் கெண்டைத் தசையும் தொடையின் பின்தசையும் சும்மா இருக்காது. போவதென்றால் ஜூன் கடைசியில், முன்பயிற்சியின் முதல் நாளுக்குப் போங்கள். அதற்கு 6 வாரம் முன்பே இங்கே வேக ஓட்டத்தை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

இன்னொரு கஷ்டம் இந்த வேலைக்கே உரியது. ஃபார்வர்டைக் கடைசி 20 நிமிடத்துக்கு இறக்கிப் பார்ப்பார்கள். ஸ்டாப்பர் ஜோடியை யாரும் சும்மா மாற்ற மாட்டார்கள். முன்னால் இருப்பவருக்குக் காயமோ தடையோ வர வேண்டும். அதனால் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: உங்கள் இடத்தில் இப்போது எத்தனை பேர், அவர்கள் வயது என்ன, ஒப்பந்தம் எப்போது முடிகிறது. மூன்றாவது ஆளாகப் போகிறீர்கள் என்றால் பெரிய லீக்கின் பெஞ்சைவிட அதற்குக் கீழ்ப் பிரிவின் முதல் பதினொன்று நல்லது. எங்கள் கணக்கில் ஓராண்டு ஆடாத ஸ்டாப்பர் ஓராண்டு பின்னால் போகிறார்.

டிஃபென்டர் கோல் அடிச்சா விலை ஏறுமா?

ஏறும். கார்னரில் தலை கொடுக்கத் தெரிந்த ஸ்டாப்பர் சீசனுக்கு மூன்று, நான்கு கோல் போட்டால் அது பல புள்ளிகளாக மாறும். 2018 ஐ.எஸ்.எல். இறுதியில் பெங்களூருவை 3-2 என்று சென்னையின் எஃப்.சி. வென்றபோது அதன் முதல் இரண்டு கோலும் பிரேசில் ஸ்டாப்பர் மெயில்சன் ஆல்வெஸின் தலையிலிருந்து வந்தவை. பழையவர்களுக்கு ஜர்னைல் சிங் நினைவுக்கு வருவார்: 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தலையில் தையலோடு முன்வரிசையில் ஆடி இறுதியிலும் கோல் போட்டார். இன்று தலையில் அப்படி அடிபட்டவரை ஆட விடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடைசி ஆளா நின்னு ஃபவுல் பண்ணா எப்பவும் ரெட் கார்டுதானா?

இல்லை. உறுதியான கோல் வாய்ப்பைத் தடுத்தாரா என்று நடுவர் பார்ப்பது நான்கு விஷயம்: கோலுக்கு உள்ள தூரம், ஆட்டம் போகும் திசை, பந்து ஃபார்வர்டின் கட்டுக்குள் இருக்குமா, மற்ற டிஃபென்டர்கள் எங்கே. நான்கும் சேர்ந்தால் பாக்ஸுக்கு (கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பகுதி) வெளியே சிவப்பு. பாக்ஸுக்குள், பந்தைத் தொட உண்மையாக முயன்று தவறினால் பெனால்டியும் மஞ்சளும். சட்டையைப் பிடித்தாலோ தள்ளினாலோ பெனால்டியும் சிவப்பும்.

ஆகவே பாக்ஸுக்குள் கை எப்போதும் உங்கள் உடம்போடு. பின்னால் துரத்தும்போது சட்டையைப் பிடிக்கத் தோன்றும் நொடியில், ஒரு எட்டு உள்பக்கமாக ஓடி அவரை ஓரத்துக்குத் தள்ளுங்கள். கோல்கீப்பருக்கு மீதி வேலை இருக்கட்டும். ஐ.எஸ்.எல்.லில் 4 மஞ்சள் சேர்ந்தால் ஒரு மேட்ச் வெளியே. மேலே சொன்ன மாதிரி, அந்த ஒரு மேட்சில்தான் மூன்றாவது ஆள் உங்கள் இடத்தில் உட்காருவார்.

முட்டியில ஏ.சி.எல். (முன் குறுக்குத் தசைநார்) கிழிஞ்சிடுச்சு. 6 மாசத்துல ஆடலாம்னு டாக்டர் சொல்றார்.

ஓடலாம். மேட்ச் ஆட 9 மாதமாவது விடுங்கள். அதற்கு முன் திரும்புபவர்களுக்கு மறுபடி கிழியும் ஆபத்து பல மடங்கு. மாதக் கணக்கு மட்டும் போதாது. காயப்பட்ட காலின் தொடை பலம், ஒற்றைக் கால் தாவல் தூரம் இரண்டும் மற்ற காலின் அளவில் 90 சதவீதத்தையாவது தொட வேண்டும். டிஃபென்டருக்குக் கூடுதல் சோதனை, பின்னோக்கி ஓடிக்கொண்டே சட்டென்று திரும்புவது. ஜிங்கனுக்கும் 2019 அக்டோபரில் இதே காயம்தான். அந்த சீசன் முழுக்கப் போனது, அடுத்த சீசனில் திரும்பி, 2020-21-க்கான இந்தியக் கூட்டமைப்பின் சிறந்த வீரர் ஆனார்.

தேசிய அணிக்கு ஆடும்போது காயப்பட்டு 28 நாளுக்கு மேல் வெளியே இருந்தால், ஃபிஃபாவின் திட்டம் ஒன்று கிளப்புக்கு உங்கள் சம்பளத்தை ஈடுகட்டும். நாளொன்றுக்கு 20,548 யூரோ வரை, அதிகபட்சம் ஓராண்டு. பணம் கிளப்புக்குப் போகும், உங்கள் சம்பளம் நிற்கக் கூடாது.

ரெண்டு மாசமா சம்பளம் வரல. வேற கிளப் போயிடலாமா?

உடனே கிளம்பினால் தவறு உங்கள் மேல் விழும். இரண்டு மாதச் சம்பளம் நிலுவை என்றால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குப் பிறகும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். வாட்ஸ்அப்பில் 'சார் சேலரி' என்று கேட்டது நோட்டீஸ் ஆகாது. தொகை, மாதம், கெடு மூன்றும் எழுதி மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். வெளிநாட்டு கிளப் என்றால் ஃபிஃபா தீர்ப்பாயத்துக்கு 2 ஆண்டுக்குள் போக வேண்டும். இந்திய கிளப்போடு இந்திய வீரரின் வழக்கு கூட்டமைப்பிடம். 2025-ல் ஐ.எஸ்.எல். தள்ளிப்போனபோது சில கிளப்கள் சம்பளத்தை நிறுத்தின. அப்போது ஒப்பந்தப் பிரதியைக் கையில் வைத்திருந்தவர்களால்தான் உறுதியாகப் பேச முடிந்தது.

காரணமே இல்லாம முறிச்சா என்ன ஆகும்? அன்வர் அலி மேட்டர் என்ன?

28 வயதுக்கு முன் போட்ட ஒப்பந்தத்தில் முதல் 3 ஆண்டு, அதற்குப் பின் போட்டதில் முதல் 2 ஆண்டு 'பாதுகாப்புக் காலம்'. அதற்குள் காரணமின்றி முறித்தால் இழப்பீட்டோடு 4 மாதத் தடையும் வரும். புது கிளப்பும் மாட்டும்.

டிஃபென்டர் அன்வர் அலி, டெல்லி எஃப்.சி.யிலிருந்து மோகன் பகானுக்கு நீண்ட கால லோனில் (இரவலாக) இருந்தவர். 2024-ல் அதை விட்டு ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். கூட்டமைப்பின் குழு 4 மாதத் தடையும் ரூ.12.9 கோடி இழப்பீடும் விதித்தது. டெல்லி எஃப்.சி., ஈஸ்ட் பெங்கால் இரண்டுக்கும் புது வீரர்களைப் பதியத் தடை. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், அந்த உத்தரவு விலக்கப்பட்டு மறு விசாரணைக்குத் திரும்பியது. லோன்தானே, சும்மா வந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் படிக்க வேண்டிய வழக்கு.

நான் பெரிய விலைக்குப் போனா எங்க ஊர் அகாடமிக்கு ஏதாவது வருமா?

வரும், பதிவு ஒழுங்காக இருந்தால். சர்வதேச மாற்றத்தில் கைமாறும் தொகையில் 5 சதவீதம், 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்களுக்கு. 12 முதல் 15 வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், பிறகு 0.5. ஒரு கோடிக்குப் போனால், 12 முதல் 15 வரை நான்கு சீசன் வளர்த்த அகாடமிக்கு ஒரு லட்சம். ஆனால் பதிவில் அகாடமியின் பெயர் இல்லையென்றால் ஒரு ரூபாயும் இல்லை. தமிழ்நாட்டில் பல பயிற்சி மையங்கள் கூட்டமைப்பில் பதியாமலே நடக்கின்றன.

வெளிநாட்டு குடியுரிமை வாங்கிட்டா இந்தியாவுக்கு ஆடலாமா?

எந்த நாட்டு கிளப்பில் ஆடினாலும் பாதகமில்லை. ஃபிஃபா தேதிகளில் கிளப் உங்களை விட்டே ஆக வேண்டும். ஆனால் பாஸ்போர்ட் இந்தியாவுடையதாக இருக்க வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை போதாது.

டிஃபென்டர் எத்தனை வயசு வரைக்கும் ஓட்டலாம்? அதுக்கப்புறம்?

ஸ்டாப்பர் 35 வரை தாங்குவார், ஃபுல் பேக்குக்கு 32-லேயே ஓட்டம் குறையும். பலர் அந்த வயதில் நடுவுக்கு நகர்வது அதனால்தான். பயிற்சியாளர் ஆவதென்றால் டி, சி, பி, ஏ, புரோ என்று உரிமம் ஏறும். படிகளுக்கிடையே பயிற்சி கொடுத்த அனுபவமும் கேட்பார்கள், ஆகவே ஆடும்போதே 30 வயதுக்குள் டி, சி முடித்துவிடுங்கள். இந்திய அணியின் முன்னாள் டிஃபென்டர் மகேஷ் கவ்லி, தேசிய அணியின் உதவிப் பயிற்சியாளராகவும் இளையோர் அணிகளின் பயிற்சியாளராகவும் ஆனவர். படிப்பை நடுவில் விட்டவர்கள் தொலைதூரக் கல்வியில் பட்டத்தை முடித்து வையுங்கள். ரயில்வே, வங்கி, காவல் துறை விளையாட்டு ஒதுக்கீடுகளுக்கு வயது வரம்பு உண்டு, அது 35-க்காகக் காத்திருக்காது.